வாண்டில் கரைப் பூச்சர்பத்

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் எட்டுப் பொட்டலம் சிட்ரிக் ஆசிட் வேண்டும் என்றாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள், எட்டு என்பதை விரலாலும் காட்டினாள். லெட்சுமணன் எண்ணிக்கொண்டிருந்த மாத்திரைகளை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். லண்டனின் டூட்டிங் பகுதியில் இருந்த அந்த மருந்துக்கடையில் அவன் பார்மசிஸ்ட்டாகச் சேர்ந்து ஆறு வருடமாகியிருந்தது. சிட்ரிக் ஆசிட் கேட்டு வருகிறவர்களை அவனுக்குத் தெரியும். கண் குழிந்து, சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்து மூடிக்கொண்டு வருவார்கள். ஹெரோயினைக் கரைத்து ஊசியில் ஏற்ற அவர்களுக்கு அது வேண்டும். அதனால் ஆளுக்கு ஒரு பொட்டலத்துக்கு மேல் கொடுப்பதில்லை என்று கடையில் ஒரு விதி வைத்திருந்தார்கள். இந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். ஜூன் மாத வெயிலிலும் கழுத்துவரை பட்டன் போட்ட சாம்பல் நிறக் கோட்டு. கையில் கணவனுடைய ஆஸ்துமா மருந்துச் சீட்டு. அதில் அருளானந்தம் என்ற பெயரைப் பார்த்ததும் அவன் தமிழுக்கு மாறினான்.

“ஒரு ஆளுக்கு ஒண்ணுதாம்மா குடுப்போம். எட்டு எதுக்குங்க?”

“பூவுக்கு,” என்றாள் அவள். பிறகு அது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். “பூவைப் போட்டுச் சர்பத் செய்யிறதுக்கு. ஏன் ஒண்டுதான் தருவியள்?”

லெட்சுமணன் குரலைத் தாழ்த்திக் காரணத்தைச் சொன்னான். சொல்லும்போதே காது சூடாகியது. இவள் கோபப்படப் போகிறாள், தன்னை யாரென்று நினைத்தாய் என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தான். அவளோ தலையைச் சற்றுச் சாய்த்துக் கடைசிவரை கேட்டாள்.

“அப்ப அது நல்ல விதிதான்,” என்றாள். “நான் ஒவ்வொரு நாளும் வந்து ஒண்டு ஒண்டா வாங்கிறன்.”

அப்படியே வந்தாள். அது 1992ஆம் வருடம். ஜூன் முதல் தேதி திங்கட்கிழமை தொடங்கி தினமும் காலை ஒன்பதரைக்குக் கடைமணி கிணுகிணுக்கும். சாம்பல் கோட்டு உள்ளே வரும். பெயர் பெர்னடெற் என்பது இரண்டாம் நாள் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்தவள். இங்கே மெர்ட்டன் பக்கம் ஓர் அலுவலகக் கட்டிடத்தில் காலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணிவரை துப்புரவு ஷிப்ட். வேலை முடிந்து பஸ்ஸில் ஏறாமல் வாண்டில் ஆற்றங்கரை வழியாக நடந்து வருவாள். அந்த நடையில்தான் பூவைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

அவள் அதைச் சொன்ன விதம் லெட்சுமணனுக்குப் பிடித்திருந்தது. கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் கவுண்டரில் கையை ஊன்றி நாலு வார்த்தை பேசுவாள். மிச்சத்தை அடுத்த நாள், விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். லண்டனுக்கு வந்த முதல் வருடம் ஜூன் மாதத்தில் ஆற்றங்கரையில் ஒரு வாசனை வந்திருக்கிறது. எங்கிருந்து என்று தேடியபோது ஒரு பற்றைமரம், உள்ளங்கை அகலத்தில் தட்டையான வெண்மஞ்சள் பூங்கொத்துகள். எவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாய் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கடந்து போனார்கள். ஓர் இலையையும் ஒரு கொத்தையும் பேப்பரில் சுற்றி நூலகத்துக்குக் கொண்டுபோய், படம் போட்ட புத்தகங்களை மேசையில் பரப்பி, மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். எல்டர் என்று பெயர். பூவில் இங்குள்ளவர்கள் சர்பத் செய்வார்கள் என்று புத்தகம் சொன்னது. இலையும் தண்டும் வயிற்றுக்கு ஆகாது என்றும் சொன்னது.

“அப்ப அந்த வருசமே செஞ்சிட்டீங்களா?” என்று லெட்சுமணன் கேட்டான்.

“இல்லை. அந்த வருசம் சும்மா பாத்தன். பூ எப்பிடிக் கொட்டுது, காய் எப்பிடி வருது, காய் என்ன நிறமாப் பழுக்குது, இலை எப்ப விழுது எண்டு. அடுத்த வருசம் ஒரு கரண்டி செய்து நான் மட்டும் குடிச்சன். இவருக்குக் கூடச் சொல்லேல்லை. அதுக்கடுத்த வருசந்தான் வீட்டிலை எல்லாருக்கும் குடுத்தன்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள், “தபால்லை ஒரே பேர் நாலு பேருக்கு இருக்கும். வீட்டு நம்பர், ஒழுங்கை, தேப்பன்ர பேர் எல்லாம் பாத்தாத்தான் கடிதம் சரியான ஆளிட்டைப் போகும். பூவும் அப்பிடித்தானே.”

லெட்சுமணன் மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, மருந்தியல் பட்டம் பெற்று, இங்கேயே தங்கிவிட்டவன். கல்லூரியில் ஒரு பாடம் முழுவதும் மூலிகைகளும் நச்சுச் செடிகளும்தான். கண்ணாடிப் புட்டிகளில் காய்ந்து கிடந்த இலைகளைப் பார்த்துப் பெயர் எழுதிப் பரீட்சையில் தேறியவன். வாண்டில் ஆற்றங்கரையில்தான் அவனும் ஆறு வருடமாக வீட்டுக்கு நடந்து போகிறான். ஒரு பூவையும் அவன் நின்று முகர்ந்ததில்லை.

நான்காம் நாள் அவள் பொட்டலத்துக்கான காசோடு ஒரு சின்னப் போத்தலையும் கவுண்டரில் வைத்தாள். முதல் பொட்டலத்தில் செய்து பார்த்ததாம். அன்று மாலை வீட்டில் அவன் மனைவி சரோஜினி அதைத் தண்ணீரில் கலந்து ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே நின்றாள். “லிச்சிப் பழம் மாதிரி இருக்குங்க,” என்றாள். “இல்ல, லிச்சி இல்ல. இன்னும் கொஞ்சம் குடுங்க.” இரண்டு மகள்களும் மூன்றாம் தடவை கேட்டபோது போத்தல் காலியாகிவிட்டது. காலிப் போத்தலின் வாயை லெட்சுமணன் வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தான். அலுவலகத்தைக் கூட்டித் துடைத்துவிட்டு வருகிற வழியில், யாரும் கேட்காமல், யாரும் சொல்லித்தராமல் ஒருத்தி இதைச் செய்திருக்கிறாள் என்பது அவனுக்குப் பெரிய காரியமாகப் பட்டது.

எட்டாவது பொட்டலத்தை வாங்கிய அன்றுதான் அவள் எதற்கு என்பதைச் சொன்னாள். பதின்மூன்றாம் தேதி புனித அந்தோனியார் திருநாள். அந்த வருடம் சனிக்கிழமையாகவே அமைந்துவிட்டது. டூட்டிங் தமிழ்க் கத்தோலிக்கர்கள் மூன்று மணிக்குப் பூசை முடிந்ததும் தேவாலய மண்டபத்தில் கூடுவார்கள். வழக்கமாகக் கடையில் வாங்கிய ஆரஞ்சுச் சாறுதான். இந்த வருடம் தான் சர்பத் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

“இஞ்சை வந்த நாள் தொட்டு எங்கடை வீட்டிலை எல்லாம் ஆரோ தந்தது, அண்ணை. இந்தக் கோட்டு கோயில் அலுமாரியிலை எடுத்தது. கட்டில் ஒராள் தந்தது. சட்டி பானை இன்னொராள். நான் எவருக்கும் ஒண்டும் குடுத்ததில்லை. இது மட்டும் ஒருத்தரும் தராதது. நானாக் கண்டுபிடிச்சது.” பொட்டலத்தைக் கைப்பையில் போட்டு மூடினாள். “நேரம் இருந்தா வாங்கோ.”

சனிக்கிழமை கடை இரண்டரை மணிக்கு அவனை விட்டது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு மண்டபத்துக்குப் போகலாம் என்று நினைத்தான். ஆற்றங்கரையில் நடந்தபோது அவள் சொன்ன மரத்தைத் தேட வேண்டும் என்று தோன்றியது. பழைய மில்லுக்குப் பின்னால், பாலம் தாண்டி, வலப்பக்கம் என்று சொல்லியிருந்தாள். கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை, மணம் கூட்டிப்போனது. மரத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் அதற்கு முன்னால் அடர்ந்து நின்ற வேறொரு செடியைக் கண்டான். ஆள் உயரம். மெல்லிய கீற்று கீற்றான இலை. அவன் குனிந்து தண்டைப் பார்த்தான். வழுவழுப்பான பச்சைத் தண்டில் யாரோ மை தெளித்ததுபோல ஊதாப் புள்ளிகள்.

ஹெம்லாக். கல்லூரிப் புட்டியில் பழுப்பாகக் கிடந்தது இங்கே பச்சையாக அவன் உயரத்துக்கு நின்றது. பழங்காலத்தில் கிரேக்கர்கள் மரண தண்டனைக்குக் கரைத்துக் கொடுத்த செடி. கால்கள் முதலில் மரத்துப்போகும், பிறகு மூச்சு நிற்கும். அதுவும் ஜூனில்தான் வெள்ளைக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஆனால் அங்கே நின்ற செடிகளில் ஒன்றில்கூடப் பூ இல்லை. ஒவ்வொரு தண்டின் தலையும் கத்தரிக்கோலால் சீராக வெட்டப்பட்டிருந்தது. வெட்டு வாய் காய்ந்து மூன்று நான்கு நாள் ஆகியிருக்கும். புதன்கிழமை பூப் பறிக்கப் போவதாக அவள் சொல்லியிருந்தாள்.

 மூன்று வருடம் பார்த்துப் படித்தவள் என்று ஒரு மனம் சொன்னது. நூற்றைம்பது கொத்துப் பறிக்க வேண்டிய அவசரத்தில் ஒரு கை தவறினால் போதும் என்று மற்ற மனம் சொன்னது. மணி பார்த்தான். ஆற்றங்கரையில் செடி பார்த்து நின்றதில் மூன்றேகால் ஆகியிருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஓட ஆரம்பித்தான். நாற்பத்திரண்டு வயது, கடைசியாக ஓடியது எப்போது என்று நினைவில்லை.

அவன் மண்டபத்துக்குள் நுழைந்தபோது பூசை முடிந்திருந்தது. நடுவில் நீள மேசை, அதில் இரண்டு பெரிய பாத்திரங்களில் சர்பத், எலுமிச்சைத் துண்டுகள் மிதந்தன. வெள்ளைச் சட்டை போட்ட குழந்தைகள் பிளாஸ்டிக் கோப்பைகளோடு வரிசையில் நின்றார்கள். முதல் வரிசைக் குழந்தைகள் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோவதைப் பார்த்தான். லெட்சுமணன் வாழ்க்கையில் சத்தம் போட்டுப் பேசியவன் இல்லை. இப்போது கத்தினான்.

“யாரும் குடிக்காதீங்க. கீழ வைங்க. அதுல விஷம் இருக்கலாம்.”

 எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. தாய்மார்கள் கோப்பைகளைப் பறித்தார்கள். ஒருத்தி தன் மகளின் வாய்க்குள் விரலை விட்டாள். திருநாள் பொறுப்பை ஏற்றிருந்த செபமாலைமுத்து அவனிடம் வந்து, நீங்கள் ஆர், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். மருந்துக்கடைப் பார்மசிஸ்ட் என்று அவன் மூச்சிரைக்கச் சொன்னதும் மேற்கொண்டு கேட்கவில்லை. இரண்டு ஆண்களைக் கூப்பிட்டுப் பாத்திரங்களைத் தூக்கச் சொன்னார். சமையலறைத் தொட்டியில் சர்பத் கொட்டுகிற ஓசை மண்டபம்வரை கேட்டது. ஒன்பது போத்தல் கலந்திருந்தார்களாம்.

பெர்னடெற் ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அன்று அவள் கோட்டுப் போட்டிருக்கவில்லை. நீலச் சேலை கட்டியிருந்தாள்.

“ஆத்தங்கரையில ஹெம்லாக் பூவெல்லாம் வெட்டியிருக்கு,” என்றான் லெட்சுமணன். “நான் பாத்துட்டு வர்றேன்.”

“ஓம். நான்தான் வெட்டினனான்,” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “புதன்கிழமை பூப் பிடுங்க எங்கடை கோயில் பொம்பிளையள் ரெண்டு பேர் என்னோடை வந்தவை. அவைக்கு வித்தியாசம் தெரியாது. பிழையா எதையும் பிடுங்கிப்போடுவினம் எண்டு நான் முதல் நாளே தனியப் போய், கையுறை போட்டு, அந்தப் பூ முழுக்க வெட்டிக் கட்டிக் குப்பைத்தொட்டியிலை போட்டனான். அங்கை பிள்ளையளும் விளையாட வாறதுகள்.”

 அவள் உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். சர்பத் வடிகட்டிய வெள்ளைத் துணி, அதற்குள் ஊறிச் சப்பையான பூக்கள். லெட்சுமணன் குனிந்து விரலால் கிளறினான். அடியில் ஒட்டிய ஐந்து இதழ், மஞ்சள் மகரந்தம். காம்புகள் எல்லாவற்றையும் ஒரு விரல் நீளத்துக்கு மேல் விடாமல் நறுக்கியிருந்தாள். எங்கேயும் ஓர் ஊதாப் புள்ளி இல்லை. அவன் கடைசிப் பூவரைக்கும் பார்த்தான். பார்க்கப் பார்க்கத் தன் முகம் எரிவதை உணர்ந்தான்.

“தப்பு என்னோடது,” என்று எல்லோருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னான். “இது நல்ல பூ. இதுல ஒண்ணும் இல்ல. நான் விசாரிக்காமப் பேசிட்டேன்.”

செபமாலைமுத்து தொண்டையைச் செருமினார். “நீங்கள் நல்லதுக்குத்தான் சொன்னியள். எண்டாலும் ஒருக்கா விஷம் எண்ட சொல்லு வந்தாப் பிறகு பிள்ளையளுக்கு எப்பிடிக் குடுக்கிறது? ஆர் பொறுப்பு எடுக்கிறது?” அவர் ஒருவனை அனுப்பிக் கடையில் ஆரஞ்சுச் சாறு வாங்கிவரச் சொன்னார். அதில் பொல்லாங்கு எதுவும் இல்லை. லெட்சுமணன் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பான். அது அவனுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

சமையலறையில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தொட்டியில் ஓர் எலுமிச்சைத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

“பயம் வந்தாச் சத்தம் போடத்தான் வேணும், அண்ணை,” என்றாள் கடைசியில். “நான் எண்டாலும் போட்டிருப்பன். ஆனா அடுப்படி வாசல் பத்தடிதான். முதல் என்னட்டை வந்து ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.”

 சிட்ரிக் ஆசிட் எதற்கு என்று கேட்டபோது அவள் மறைக்காமல் சொன்னவள். ஒரு பொட்டலம்தான் என்றபோது எட்டு நாள் நடந்தவள். அப்படிப்பட்டவளிடம் கேட்காமல் நூறு பேரிடம் சொன்னோமே என்று அந்த வாரம் முழுவதும் நினைத்தான். மருந்து எண்ணும்போது எண்ணிக்கை தவறியது. சரோஜினியிடம் நடந்ததைச் சொன்னபோது, “நீங்க அங்கேயே போய்த்தான் சரி பண்ணணும். வீட்ல உக்காந்து வருத்தப்பட்டா அந்தம்மாவுக்கு என்ன ஆகப்போவுது,” என்றாள்.

பெர்னடெற் கணவனின் மருந்து வாங்க வியாழக்கிழமை வந்தாள். கலக்காமல் மிச்சமிருந்த மூன்று போத்தலையும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்குக் கொண்டுவர முடியுமா என்று அவன் கேட்டான். அவள் அவனை நன்றாகப் பார்த்தாள்.

“என்னத்துக்கு? திருப்பிக் கொட்டுறதுக்கோ?”

“என் பிள்ளைங்கள கூட்டிட்டு வர்றேன்,” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மக்கள் மண்டபத்தில் தேநீருக்குக் கூடியபோது, திருநீறு வைத்த நெற்றியோடு லெட்சுமணன் குடும்பம் நீள மேசையருகே நின்றது. பெர்னடெற் சர்பத்தைக் கலந்தாள்.  லெட்சுமணன் முதல் கோப்பையைத் தன் சின்ன மகளிடம் கொடுத்தான், அவளுக்கு ஆறு வயது. அடுத்ததைப் பெரியவளிடம். மண்டபத்தில் பேச்சுத் தாழ்ந்து எல்லோரும் இந்தப் பக்கம் பார்த்தார்கள். சின்னவள் குடித்துவிட்டு உதட்டை நாக்கால் துடைத்து, “அப்பா, மோர்,” என்று ஆங்கிலத்தில் இன்னும் கேட்டாள். சரோஜினி குடித்தாள். லெட்சுமணன் குடித்தான். ஒருவரும் கிட்டே வரவில்லை.

வெகுநேரம் கழித்துத்தான் ஒரு பெண் வந்தாள். திருநாளன்று மகளின் வாய்க்குள் விரல் விட்டவள். அவள் பெயர் செல்வமலர் என்று பிறகு தெரிந்தது. பெர்னடெற்றின் முகத்தைப் பார்க்காமல் கோப்பையை நீட்டினாள். முதலில் தான் குடித்தாள். வாயில் கொஞ்சம் வைத்திருந்து விழுங்கினாள். பிறகு மீதியைத் தன் மகளிடம் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு முதியவர் வந்தார், அவருக்குப் பின்னால் இரண்டு பையன்கள். செபமாலைமுத்து தூரத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்று பார்த்தார், வரவில்லை. மண்டபத்தில் பாதிப் பேர்தான் குடித்திருப்பார்கள். ஆனால் மூன்று போத்தலும் முடிந்தன. கடைசிக் கோப்பையைப் பெர்னடெற் தனக்கு ஊற்றிக்கொண்டு ஒரு கதிரையில் உட்கார்ந்தாள். அந்த மண்டபத்தில் அவள் உட்கார்ந்து அவன் அப்போதுதான் பார்த்தான்.

“பூ முடியப்போகுது,” என்றாள் அவனிடம். “நிழலுக்கை நிக்கிற மரத்திலை மட்டும் இன்னும் கொஞ்சம் கிடக்கு. சனிக்கிழமை பத்து மணிக்கு, பனி காய்ஞ்சாப் பிறகு போவம். வாறியளோ?”

அவன் கடையில் லீவு சொல்லிவிட்டுப் போனான். பாலத்தடியில் பெர்னடெற்றோடு செல்வமலரும் நின்றாள், கையில் புதுக் கத்தரிக்கோல். மூவரும் மில்லுக்குப் பின்னால் இறங்கி, வில்லோ மரங்களின் நிழலில் பிந்திப் பூத்திருந்த எல்டரைக் கண்டுபிடித்தார்கள். பெர்னடெற் கிளையை வளைத்துப் பிடித்தாள், எந்தக் கொத்து பழுப்படித்துவிட்டது, எது இன்னும் விரியவில்லை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். லெட்சுமணன் வெட்டினான். விரலெல்லாம் மஞ்சள் பொடி. அவனுக்குப் பெயர் தெரிந்த எத்தனையோ செடிகளில் அவன் கைபட்ட முதல் செடி இதுதான்.

முப்பது கொத்துச் சேர்ந்ததும் அவன் பையை எடுத்தான். அவள் தலையாட்டித் தடுத்தாள். புல்லில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கொத்துகளை ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி வைத்தாள். பூக்களுக்குள்ளிருந்து கடுகளவு கறுப்பு வண்டுகள் வெளியே வரத் தொடங்கின.

“கழுவினா மணம் போயிடும்,” என்றாள். “உதறினாப் பொடி கொட்டுப்படும். அதுகள் தாங்களாப் போகட்டும்.”

மூன்று பேரும் துணியைச் சுற்றிப் புல்லில் உட்கார்ந்தார்கள். ஆறு போய்க்கொண்டிருந்தது. வண்டுகள் ஒவ்வொன்றாக வெள்ளைத் துணியைக் கடந்து, ஓரத்தில் சற்று நின்று, புல்லுக்குள் இறங்கின.